சேம்பந்தண்டு தொண்டையை அரிக்காமல் இருக்க

மழை பெய்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்தில் வாய்க்கால் ஓரமெல்லாம் சேம்பு தழைத்து நிற்கும். தண்டில் புளிக்கறி வைக்கலாமே என்றால், "தொண்டை அரிக்குமே" என்று பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம்.

நறுக்குமுன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தண்டின் மேல்நாரை உரித்து, நிறைய தண்ணீரில் குழையும்வரை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் புளிக்கரைசல், மஞ்சள், உப்பு சேர்த்து மறுபடி நன்றாகக் கொதிக்கட்டும். தேங்காய், சீரகம், வற்றல்மிளகாய் அரைப்பு கடைசியில்தான். ஒருமுறை அவசரத்தில் புளியைக் குறைத்துவிட்டு, சாயந்திரம்வரை செருமிக்கொண்டே இருந்தேன்.

இன்ன சேம்பு என்று உறுதியாகத் தெரியாததையும், சாக்கடை ஓரத்தில் வளர்ந்ததையும் பறிக்க வேண்டாம்.