திகில் குறும்படத்தில் மான்ஸ்டரை முதன்முதலாகக் காட்டுவது எப்படி?

செலவு செய்து மாஸ்க் வாங்கியாயிற்று, முதல் காட்சியிலேயே காட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அது வருகிறது என்ற பயம் முதலில் வரட்டும், உருவம் அப்புறம் வரலாம்.

முதலில், அந்த ஜந்து என்ன செய்யும் என்று முடிவு செய்யுங்கள். கதவை உடைத்துக்கொண்டு வருமா, சத்தமில்லாமல் தாழ்ப்பாளைத் திறந்து வருமா? இரண்டும் வேறு வேறு பயம். மாஸ்க்கின் நிறம், பல் எல்லாம் அதற்கப்புறம்தான்.

அடுத்தது தடயம். 'ஜாஸ்' (1975) படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதானது. சுறா கண்ணில் படாத இடங்களில், அதன் உடம்பில் கயிறு கட்டிய மஞ்சள் பீப்பாய்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். பீப்பாய் நகர்ந்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் ஜந்துவுக்கும் இப்படி ஒரு பொருளைப் பிடியுங்கள். ஒன்று போதும்.

இனி, முகம் காட்டும் இடம். 'பிராங்கன்ஸ்டைன்' (1931) படத்தில் இதை அழகாகச் செய்திருப்பார்கள். முதலில் காலடிச் சத்தம். அறையில் விளக்கைக் குறைக்கிறார்கள். கதவு திறக்கிறது, மான்ஸ்டராக நடித்த போரிஸ் கார்லாஃப் முதுகைக் காட்டியபடி உள்ளே வருகிறார். மெதுவாகத் திரும்புகிறார். உடனே சட்டென்று முகத்துக்கு நெருக்கமாக ஒரு ஷாட், அதைவிட நெருக்கமாக இன்னொன்று. முதுகைப் பார்த்ததும் ஆள் எவ்வளவு பெரியவன் என்று தெரிந்துவிடுகிறது. திரும்பும் நேரம் நம்மைக் காக்க வைக்கிறது. ஷாட் விட்டு ஷாட் தாவும் அந்த வெட்டுகள் கண்ணைத் திருப்ப இடம் தருவதில்லை.

மொபைலிலேயே இதை எடுக்கலாம். நடிகர் அசையாமல் நிற்கட்டும், நீங்கள் கேமராவோடு கிட்டே போங்கள். ஜூம் வேண்டாம், படம் மங்கும். பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ரப்பர் ரப்பராகவே தெரியும்.

பின்னணி இசையை இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள் என்பது என் கட்சி. 'ஜாஸி'ல் போலீஸ் அதிகாரி இரை அள்ளிப் போடும்போது அவர் முதுகுக்குப் பின்னால் சுறா தலை தூக்கும். அதற்கு முன் இசை எச்சரிக்கவே இல்லை.

எடிட் முடிந்ததும் ஒலியை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாஸ்க் மாஸ்க்காகவே கண்ணில் பட்டால், கடைசி ஷாட்டில் சில பிரேம்களை நறுக்குங்கள்.