நாய் முடியோடு குடித்தனம்: துடைப்பத்தை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுக்கு லாப்ரடார் வந்த முதல் மாதம். தயிர்சாதத்தில் கடுகு, கறிவேப்பிலையோடு பொன்னிற முடி ஒன்றும் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து மூன்று வேளையும் பெருக்கினேன். முடி குறைந்தபாடில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது தரையில். பிடித்திருக்க வேண்டியது நாயின் முதுகில். இது புரியவே ஆறு மாதம் ஆகிவிட்டது.

லாப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. குளிர்ந்த நீரில் நீந்தி வேலை செய்த இனம் என்பதால் முடி இரண்டு அடுக்கு: மேலே முரடு, அடியில் பஞ்சு. வீடெல்லாம் பறப்பது பெரும்பாலும் அந்தப் பஞ்சுதான். "வெயில் காலம்தானே, மொட்டை அடித்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த முடி சூட்டையும் தடுக்கும், வெயில் தோலில் நேராகப் படாமலும் காக்கும்.

முதல் வேலை: சீவுவது

தினமும் 10 நிமிடம், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்துச் சீவுங்கள். கூடத்தில் மட்டும் வேண்டாம். முதலில் ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தால் உதிரத் தயாராக இருக்கும் முடி மேலே வந்துவிடும். பிறகு கம்பிப்பல் வைத்த ஸ்லிக்கர் பிரஷ்ஷால் முடி படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். தொடையின் பின்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் தொடங்கும் இடம், இந்த மூன்றையும் விடக்கூடாது. ஸ்லிக்கரை அழுத்தினால் தோல் சிவந்துவிடும். உங்கள் முன்கையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தால் எவ்வளவு அழுத்தலாம் என்பது தெரியும்.

குட்டியாக இருந்தால் முதல் வாரம் 2 நிமிடம் போதும். பிரஷ்ஷை மோப்பம் பிடிக்கவிட்டு, நடுநடுவே தின்ன ஏதாவது கொடுங்கள். எங்கள் ஆள் முதல் பிரஷ்ஷின் கைப்பிடியைத் தின்றே தீர்த்தான்.

குளிப்பாட்டுவதென்றால் முதலில் சீவிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். உதிர்ந்த முடி நனைந்தால் சிக்காகிவிடும். நாய்க்கென்று விற்கும் ஷாம்பூதான் சரி. நம் தோலும் அதன் தோலும் ஒரே மாதிரி அல்ல. குளியலறையில் தண்ணீர் வடியும் சல்லடை மூடியின் மேல் பழைய நைலான் துணி ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒருமுறை மறந்தேன், பிளம்பரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இரண்டாவது: ஃபேன், பிறகு தரை

ஃபேனை நிறுத்துங்கள். இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசியும் முடியும் உறைக்குள்ளேயே விழும். தரை கடைசியில்தான்.

பூந்துடைப்பத்தை வேகமாக வீசினால் முடி எழும்பிப் பறந்து, அரைமணி கழித்து வேறு இடத்தில் இறங்கும். என் கைக்கு வசப்பட்டது குளியலறைத் தண்ணீர் தள்ளும் ரப்பர் வைப்பர். காய்ந்த தரையில், காய்ந்த வைப்பரை ஒரே திசையில் இழுங்கள்; முடி உருண்டையாகச் சேர்ந்துவிடும். அதை அள்ளிய பிறகுதான் ஈரத்துணி. முதலிலேயே மாப் போட்டால் முடி கயிறுகயிறாகத் திரிந்து மூலையில் ஒட்டும். வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. உருளையில் சுற்றிய முடியை வாரம் ஒருமுறை கத்தரித்து எடுக்க வேண்டும்.

மாப் தண்ணீரில் கறுப்பு ஃபினாயில் ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வீட்டில் பூனை இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே உள்ளே அனுப்பிவிடும். மெத்தைக்கு அடியில் அந்துருண்டை போடுவதும் நாய், பூனை இரண்டுக்கும் ஆபத்து.

சோபா, ஜமக்காளம், துணி

ரப்பர் கையுறையை லேசாக நனைத்து, சோபாவை ஒரே பக்கமாகத் தடவுங்கள். ஜமக்காளத்தின் நெசவுக்குள் புகுந்த முடிக்கு அதே வைப்பரைச் சின்னச்சின்ன இழுப்பாக இழுக்க வேண்டும். வருவதைப் பார்த்தால் இன்னொரு நாயே செய்யலாம் போலிருக்கும். நாய் படுக்கும் இடத்தில் ஒரு பழைய பருத்திப் புடவையை விரித்துவிட்டால் அதை மட்டும் உதறித் துவைத்தால் போதும்.

துணியை வாஷிங் மெஷினில் போடுமுன் மாடியில் உதறுங்கள். நனைந்த முடி துணியைவிட்டு லேசில் போகாது. மெஷினின் ஃபில்டரையும் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் யாருக்காவது தும்மல் நிற்கவில்லையென்றால், முடியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஒவ்வாமை தருவது விலங்கின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம். முடி அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். நாய்க்கு வட்டவட்டமாக முடி கொட்டினாலோ, ஓயாமல் சொறிந்தாலோ அது பிரஷ்ஷால் தீரும் விஷயமில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீவிய முடியைக் குருவி கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று மாடியிலேயே விடுபவர்கள் உண்டு, நானும் விட்டிருக்கிறேன். உண்ணி மருந்து போடும் நாயென்றால் வேண்டாம். மருந்து முடியிலும் இருக்கும், குஞ்சுகளுக்கு ஆகாது. காகிதத்தில் பொட்டலம் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.