அன்ஸ்கூலிங் வீட்டில் கேம்: மணிக்கணக்கு வேண்டாம், ரவுண்டு கணக்கு போதும்

பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் "ஒரு மணி நேரம்தான் போன்" என்று சொல்வது சுலபம். மீதி நேரத்தைப் பள்ளியும் டியூஷனும் தின்றுவிடும். பள்ளியும் பாடத்திட்டமும் இல்லாமல் பிள்ளை தன் ஆர்வத்தின் வழியே கற்கும் அன்ஸ்கூலிங் வீட்டில் அதே விதியைப் போட்டால், மிச்சமிருக்கும் பதின்மூன்று மணி நேரமும் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பள்ளிப் பிள்ளைக்கான விதி இங்கே இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. "அவனாகவே சலித்துப்போய் விடுவான்" என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் அன்ஸ்கூலிங் ஆகாது. தூக்கம், உடம்பு, பணம், முகம் தெரியாத ஆட்கள் ஆகிய நான்கில் கறாராக இருங்கள். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயம்.

சமீபத்தில்தான் பள்ளியிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், முதல் சில மாதங்கள் கேம் பொங்கி வழியத்தான் செய்யும். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அன்ஸ்கூலிங் பெற்றோர் மத்தியில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. அது ஆராய்ச்சி முடிவல்ல. ஆனாலும் ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளையை மூன்றாம் வாரமே எடைபோடாமல் இருக்க உதவும்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு 40 பக்க நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தொடங்கிய நேரம், எந்த கேம், யாருடன், வைத்த பிறகு எப்படி இருந்தான். மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். சிரித்துக்கொண்டு எழுந்து வந்து சாப்பிட்டானா, கதவை அறைந்தானா, வெறித்துப் பார்த்தபடி அடுத்த வீடியோவுக்குப் போனானா?

சேலத்து வீடுகளில் இப்படி எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகை ஆட்டம் தெரியவரும். ஒன்று, பகல் 11 முதல் 4 வரை. அஸ்தம்பட்டியோ அம்மாபேட்டையோ, அந்த நேரத்தில் தெருவில் ஒரு பிள்ளை இருக்காது. ஏற்காட்டில் எஸ்டேட்டுக்குள் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அப்போது ஆடுவது சலிப்பு ஆட்டம். இன்னொன்று, மற்ற பிள்ளைகள் டியூஷன் முடித்து ஆன்லைனில் வரும் இரவு 8 மணி ஆட்டம். அது அவனுக்கு மைதானம். அநேகப் பெற்றோர் செய்யும் தப்பு, கண்ணில் படுகிறதே என்று இரவு ஆட்டத்தை வெட்டிவிட்டுப் பகல் ஆட்டத்தை விட்டுவிடுவது. பிள்ளைக்கு நண்பர்கள் போய்விடுவார்கள், சலிப்பு அப்படியே இருக்கும். குறைக்க வேண்டியது பகலை.

நிறுத்தச் சொல்வதற்கு முன் அந்த கேமை நீங்களே பத்து ரவுண்டாவது ஆடிப் பாருங்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கும் துப்பாக்கிச் சண்டை கேமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் ஒரு மேட்ச் சுமார் 10 முதல் 15 நிமிஷம். அதே வகை கேமான பிஜிஎம்ஐயில் பெரிய மேப் என்றால் அரை மணி நேரம் ஓடும். கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்டில் கேமுக்குள் ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்து 20 நிமிஷம். அதில் தனியாக ஆடினால் எந்த இடத்திலும் நிறுத்தலாம்.

சண்டை வெடிப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குத் தெரியாததால்தான். கல்லில் தோசை. "கண்ணு, அஞ்சு நிமிஷத்துல வா." அங்கே ஆட்டத்தில் ஏழு பேர்தான் மிச்சம், இவன் குழுவில் இன்னும் இரண்டு பேர் உயிரோடு. பாதியில் வெளியேறினால் ரேங்க் புள்ளி போகும், கூட ஆடுகிறவன் திட்டுவான். "இரும்மா." ஐந்து நிமிஷம் முடிந்ததும் போன் பிடுங்கப்படும். பிள்ளை கத்தும், தோசை கருகும். இதையே மாற்றிக் கேளுங்கள்: பக்கத்தில் போய்த் திரையைப் பார்த்து, "இன்னும் எத்தனை பேரு? இது முடிஞ்சதும் லாபிக்கு வந்துட்டு வை, தோசை ஊத்தறேன்." ஒரு மேட்ச் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் திரைதான் லாபி. லாபிக்கு வந்த அந்த அரை நிமிஷம்தான் நிறுத்துவதற்கான வாசல். அப்போது நீங்கள் பக்கத்தில் இல்லையென்றால் அடுத்த மேட்ச் தொடங்கிவிடும். தானாக லாக் ஆகும் ஆப்களுக்கும் இதே குறைதான், ரவுண்டு நடுவில் திரையை மூடிவிடும்.

தூக்கத்தில் சமரசம் கிடையாது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். இரவு 1 மணிக்குப் படுக்கும் பிள்ளையை ஒரே நாளில் 10.30க்குத் தள்ள முடியாது. முதலில் எழும் நேரத்தை நிலைப்படுத்தி, எழுந்ததும் வெயிலில் விடுங்கள். படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிஷம் முன்னால் இழுங்கள். ஒரு மாதத்தில் 10.30க்கு வந்துவிடும். எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, இரவில் கூடத்தில்தான் சார்ஜ் ஏற வேண்டும். "அலாரத்துக்கு வேணும்" என்ற சாக்குக்கு ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். ரவுட்டரை அணைப்பதால் மட்டும் பயனில்லை, போனில் சிம் டேட்டா இருந்தால் அவன் பாட்டுக்கு ஆடுவான்.

மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். நடு மேட்ச்சில் அது நடந்தால் அன்று மாலை வீடு ரணகளம்தான். ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து, அதற்கேற்ற மினி யுபிஎஸ் ஒன்று மாட்டிவிடுங்கள். கேமுக்கு நீங்கள் எதிரி இல்லை என்பதை நூறு முறை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

கண்ணுக்கு: 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம் நின்றால் அதுவே போதும். பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் விதியே தேவையில்லை. குனிந்து திரையைப் பார்த்தால் வாந்தி பார்த்துக்கொள்ளும்.

பணம். பிள்ளை ஆடும் போனில் யுபிஐயும் கார்டும் இருக்கக் கூடாது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். டைமண்டோ யூசியோ ரோபக்ஸோ, கேமுக்குள் செலவழிக்கும் காசு எதுவானாலும் மாதம் இவ்வளவு என்று பேசி கிஃப்ட் கார்டாகக் கொடுங்கள். முதல் வாரமே தீர்த்துவிட்டால் தீர்த்ததுதான், கடன் கிடையாது. "இலவச டைமண்ட்" லிங்க்கும், கேம் ஐடியை (கணக்கை) வாங்கல் விற்றலும் ஏமாற்றும் இடங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை 2025இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது, அதைப் பிள்ளையிடம் சட்டம் என்றே சொல்லுங்கள். வாய்ஸ் சாட் கூடத்தில், ஸ்பீக்கரில். வேறு ஆப்புக்கு வா என்று கூப்பிடும் அந்நியனை அங்கேயே பிளாக் செய்யப் பழக்குங்கள்.

இப்போது அந்தப் பகல் 11 முதல் 4 வரை. "கேமுக்குப் பதில் சிலம்பம்" என்று சொன்ன நிமிஷமே சிலம்பம் தண்டனை ஆகிவிடும். அந்த கேமில் அவனுக்கு எது ருசிக்கிறது என்று பார்த்து, அதே ருசியுள்ள வேறொன்றைப் பக்கத்தில் வையுங்கள். மைன்கிராஃப்டில் கட்டுகிறவனுக்கு மரவேலை பிடிக்கலாம். பொருள் சேர்த்து மேம்படுத்துகிறவனைச் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்தவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் அரை நாள் உட்கார வைத்துப் பாருங்கள், கம்பி இழுப்பது, பற்றவைப்பது, மெருகு போடுவது என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு லெவல்தான். குழு ஆட்டக்காரனுக்கு மாலையில் காந்தி ஸ்டேடியம். வாரத்துக்கு இரண்டு பகல் வெளியே போனாலே போதும், ஐந்து நாளும் நிரப்ப முனைந்தால் நீங்கள்தான் முதலில் களைப்பீர்கள்.

"ஸ்கூலுக்கும் அனுப்பல, நாள் பூரா போனு" என்று அம்மாயி சொல்லத்தான் செய்வார். பிள்ளை முன்னால் வாதாடாதீர்கள். "பாத்துட்டுதான் இருக்கோம் அம்மாயி, பத்தரைக்குப் படுத்துடறான்" என்பதோடு விடுங்கள்.

எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால்? கேம் விளையாட்டுக் கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிக மணி நேரம் ஆடுவது மட்டும் நோய் ஆகாது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விடக் கேம் மேலாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து வழக்கமாக ஒரு வருஷம் நீடித்தால்தான். ஆனால் குளிக்காமல், சாப்பிடாமல், முன்பு பிடித்த எதையும் தொடாமல் சில வாரம் கிடந்தால் வருஷக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம். பல நேரம் அடியில் இருப்பது மனச்சோர்வு, கேம் அதை மூடியிருக்கும் போர்வை. அந்த நிலையில் போனைத் திடீரென்று பிடுங்குவது ஆபத்து. செத்துப்போகிறேன் என்று சொன்னால் அதை மிரட்டலாக எடுக்காமல், தனியே விடாமல் கூடவே இருந்து, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த 40 பக்க நோட்டையும் எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்கும்போது ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்காது.