எந்த நட்டு எதைப் பிடித்திருக்கிறது? கன்ட்ரோல் வால்வைக் கழற்றும்போது நேரும் தவறுகள்

குழாயில் ஓடும் திரவம் அல்லது வாயுவின் ஓட்டத்தைக் காற்றழுத்தத்தால் கூட்டிக் குறைக்கும் ஒரு கன்ட்ரோல் வால்வைச் சுற்றிவந்து பார்த்தால் குறைந்தது இருபது நட்டுகளாவது கண்ணில் படும். சில நட்டுகள் வெறும் தாங்கியைப் பிடித்திருக்கின்றன. சில, குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைப் பிடித்திருக்கின்றன. இன்னும் சில, அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கின்றன. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் பிரித்தறியாமல் ஸ்பேனரை மாட்டியதால் வந்தவை.

2016 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரின் எக்ஸான்மொபில் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பிளக் வால்வின் கியர்பாக்ஸ் வேலை செய்யவில்லை. அதைக் கழற்றிவிட்டு, வால்வைத் திறந்து மூடும் தண்டைக் குறடால் பிடித்துத் திருப்பப் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் தாங்கியின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். அந்தப் பழைய மாடலில் அதே போல்ட்டுகள்தான் வால்வின் மேல்மூடியையும் பிடித்திருந்தன. தண்டைத் திருப்பியதும் வால்வு பிரிந்து, எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன் பீறிட்டது. அது தீப்பற்றியதில் 4 பேருக்குக் கடுமையான தீக்காயம். அந்தப் பிரிவில் இருந்த பெரும்பாலான வால்வுகள் புதிய வடிவமைப்பைக் கொண்டவை. அவற்றில் இதே வேலையை ஆபத்தில்லாமல் செய்ய முடியும். வரைபடத்தை எடுத்துப் பார்க்காமல், பக்கத்து வால்வைப் போலத்தான் இதுவும் இருக்கும் என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்து அழுத்தம். முன்னாலும் பின்னாலும் உள்ள வால்வுகளை மூடி, டிரெய்னை (வடிகாலை) திறந்து, கேஜ் (அழுத்தமானி) பூஜ்யம் காட்டியதும் பலருக்கு மனம் நிம்மதியாகிவிடுகிறது. காற்று இல்லாதபோது மூடிக்கொள்ளும் வகை வால்வாக இருந்தால், பிளக் (ஓட்டத்தை அடைக்கும் பாகம்) சீட்டின் (அது அமரும் வளையத்தின்) மேல் உட்கார்ந்து வால்வின் உள்ளே இரண்டு அறைகளை உண்டாக்கியிருக்கும். ஒரு பக்கத்து டிரெய்ன் அந்தப் பக்கத்தை மட்டுமே காலி செய்யும். மறுபக்கத்தில் அடைபட்ட நீராவியோ கரைப்பானோ பானட்டை (வால்வின் மேல்மூடியை) திறக்கும் ஆளுக்காகக் காத்திருக்கும். தனிமைப்படுத்திய பிறகு ஒருமுறை காற்று கொடுத்து வால்வைத் திறந்து, இரு பக்கமும் ஒன்றாகி வடிந்ததா என்று பாருங்கள். கேஜுக்குப் போகும் சிறு குழாயில் அழுக்கு அடைத்திருந்தாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். டிரெய்னிலிருந்து எதுவுமே வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், முதலில் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பானட் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றி எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் சுமார் 3 மில்லிமீட்டர் மட்டும் தளர்த்துங்கள். பிறகு பானட்டை லேசாக அசைத்து, இணைப்பின் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் பிடியை விடுவியுங்கள். உஸ் என்ற சத்தமோ கசிவோ வந்தால், நட்டுகள் இன்னும் இழையில் இருப்பதால் பானட் எகிறாது. இறுக்கிவிட்டுப் பழையபடி டிரெய்னுக்குப் போங்கள். முகத்தை இணைப்புக்கு நேராக வைக்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். காற்றழுத்தத்தால் தண்டை நகர்த்தும் டயாப்ரம் ஆக்சுவேட்டரின் கவசத்தைச் சுற்றி ஒரே அளவு போல்ட்டுகள் வரிசையாக இருக்கும்போது, எதிரெதிரே இரண்டு மட்டும் நீளமாக இருப்பதைச் சில மாடல்களில் காணலாம். எண்ணிக்கை போதாமல் கிடைத்ததைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒரு பயிற்சியாளர் அவற்றை முதலில் கழற்றப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங் மெதுவாக விரிவதற்காகவே அந்த நீளம். மற்றவற்றையெல்லாம் எடுத்த பிறகு, கடைசியாக இந்த இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஸ்பிரிங்கின் விசையைத் தளர்த்தத் தனி சரிசெய்யும் திருகு உள்ள மாடல்களில் அதைத்தான் முதலில் தொட வேண்டும்.

காற்றுக் குழாயைப் பிடுங்கினால் வால்வு செத்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு. காற்று போனதும் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும். தண்டு ஒரே தாவாக நகரும். தண்டு இணைப்பில் விரல் வைத்திருப்பவருக்கு அந்தக் கணம் போதும். குழாய்களில் அடையாள அட்டை கட்டாமல் கழற்றுவதும் கூடாது. டெக்சாஸின் பாசடீனாவில் 1989 அக்டோபர் 23 அன்று 23 பேர் இறந்த பிலிப்ஸ் ஆலை விபத்தில், ஒரு பால் வால்வின் காற்றுக் குழாய்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. மூடச் சொன்னால் வால்வு திறந்தது.

பிளக் சீட்டின் மேல் அழுந்தியிருக்கும்போது தண்டைச் சுழற்றாதீர்கள். அரைச் சுற்றிலேயே சீட்டின் முகத்தில் கீறல் விழும். காற்று கொடுத்தோ, ஸ்பிரிங்கின் பாரத்தை இறக்கியோ பிளக்கைத் தூக்கிய பிறகே இணைப்பில் கை வைக்க வேண்டும். பெல்லோஸ் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் மடிப்பு உறை) உள்ள வால்வில் தண்டைச் சுழற்றவே கூடாது, பெல்லோஸ் முறுக்கிக் கிழிந்துவிடும்.

இனி பேக்கிங், அதாவது தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையங்கள். ஆபத்து குறைவு, ஆனால் பண நஷ்டம் அதிகம். பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் கிளாண்டில் ஒரு துளி கசிந்தால் நட்டை இன்னும் கால் சுற்று, இன்னும் கால் சுற்று என்று இறுக்குவது நம் கைக்கு ஊறிய பழக்கம். ஒரு கட்டத்தில் கசிவு நின்றுவிடும். தண்டும் நின்றுவிடும். காற்று அழுத்தம் ஏறி ஏறிக் கடைசியில் தண்டு ஒரே குதியாக நகரும். இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும், மறுபடி தாண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் திரையில் அலையைப் பார்த்து கன்ட்ரோலரை மாற்றியமைப்பார், நாம் சிக்னலுக்கேற்பத் தண்டை நிறுத்தும் பொசிஷனரை மாற்றியமைப்போம். நோய் கிளாண்டில் இருக்க, இப்படி இரண்டு நாள் வீணாகும். கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் பேக்கிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மாற்றும்போது பழைய வளையம் ஒன்று அடியில் தங்கிவிடுவது சகஜம். எத்தனை வளையங்கள் இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் பார்த்து, எடுத்தவற்றை எண்ணுங்கள். கொக்கியால் குத்தி இழுக்கும்போது உட்சுவரிலோ தண்டிலோ கோடு விழுந்தால், புதுப் பேக்கிங்கும் அந்தக் கோட்டின் வழியே கசியும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) பேக்கிங் சுமார் 232 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், அதற்கு மேல் கிராஃபைட். கிராஃபைட்டில் உராய்வு கூடுதல் என்பதால் ஆக்சுவேட்டருக்குத் தெம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேஸ்கெட் பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை அமுங்கிய சுருள் கேஸ்கெட் மீண்டும் எழாது. ஆக்சிஜன் லைன் வால்வில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ பட்ட கையுறைகூட நுழையக் கூடாது, எண்ணெய் அங்கே எரிபொருள்.

பூட்டி முடித்ததும் வால்வுக்கு 4, 8, 12, 16, 20 மில்லியாம்பியர் மின்சிக்னல் (4 ஒரு முனை, 20 மறு முனை) கொடுத்து ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் ஓட்டிப் பாருங்கள். சிக்னல் கொடுப்பவரும் வால்வருகே நிற்பவரும் குரல் கொடுத்துக்கொள்ளாமல் ஒரு அடியும் நகர்த்தக் கூடாது. 12-இல் தண்டு பாதித் தூரத்தில் நிற்க வேண்டும். 16-இலிருந்து இறங்கி வரும்போதும் அதே கோட்டில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே விரல் நுழையும் அளவு வித்தியாசம் தெரிந்தால் பொசிஷனரைத் திறக்காதீர்கள், கிளாண்ட் நட்டைத் தொட்டுப் பாருங்கள்.