கொடைக்கானல் குளிரில் பிள்ளையோடு சேர்ந்து மரக் கயாக் கட்டும் முறை

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து மரக் கயாக், அதாவது துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு, கட்ட நினைக்கும் பெற்றோருக்குத் தைத்து ஒட்டும் முறையே ஏற்றது. பிளைவுட் பலகைகளை வரைபடத்தின்படி அறுத்து, விளிம்போரம் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளை எபாக்சியால் (ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்த பசை) பிணைக்கும் இம்முறைக்கு நீண்ட தச்சுப் பயிற்சி தேவையில்லை. கொடைக்கானலில் கடினமான காரியம் எபாக்சியைச் சரியாக இறுக வைப்பதுதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையையும் அதையடுத்த உறைபனி நாட்களையும் தவிர்த்து, முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு தொடங்குங்கள்.

ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள 4 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணீரைத் தாங்கும் பிளைவுட்) வாங்கி, ஒரு துண்டை நாள் முழுதும் கொதிக்கவைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், ஓரிரு மணி நேரச் சோதனை இங்கே போதாது. அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பிளைவுட் படகுக்கு ஆகாது.

8 அடிப் பிளைவுட்டிலிருந்து 14 அடிப் படகு வரவேண்டுமானால், பலகைகளின் முனைகளைக் கனத்தைப்போல் எட்டு மடங்கு, அதாவது 32 மி.மீ. நீளத்துக்குச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். பலகைகளைப் படிப்படியாகப் பின்தள்ளி அடுக்கி, கூரான இழைப்புளியால் ஒரே சரிவாகச் சீவும்போது, பிளைவுட்டின் உள்ளடுக்குகள் வெளிறியும் கருத்தும் பட்டைகளாகத் தெரியும். பட்டை நேராக இருந்தால் சரிவும் நேர், வளைந்தால் அவ்விடத்தில் மேடோ பள்ளமோ இருக்கிறது என்று பொருள். இந்த வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். மரமே பிழையைக் காட்டிக்கொடுப்பதால் நீங்கள் அருகில் நின்று திருத்த வேண்டியதில்லை.

எபாக்சியை அளக்கும் பொறுப்பையும் பிள்ளைக்கே கொடுக்கலாம், ஆனால் நைட்ரைல் கையுறை இல்லாமல் ஒருபோதும் தொடவிடாதீர்கள். எபாக்சியால் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் நிலைத்துவிடும். பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்கள் குளிருக்கு ஹார்டனரைக் கூட்டச் சொல்வார்கள். எபாக்சியில் அது கூடவே கூடாது. மிஞ்சிய ஹார்டனர் வினைபுரியாமல் உள்ளேயே தங்கி, ஒட்டு பலமற்றதாகிவிடும். டப்பாவில் உள்ள விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று பார்த்து, அதன்படியே கலக்க வேண்டும்.

வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், படகின்மேல் தார்ப்பாய்க் கூடாரம் கட்டி, துணியிலோ பாயிலோ படாதவாறு உள்ளே குண்டு பல்புகளை எரியவிடுங்கள். மரத்தின்மேல் எபாக்சியின் முதல் பூச்சை, நண்பகலில் மரத்தை நன்கு சூடாக்கி, அது மெல்ல ஆறத் தொடங்கும் பிற்பகலில் பூச வேண்டும். மரத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கும்போது எபாக்சியை உள்ளிழுத்துக்கொள்ளும், சூடேறும் மரத்தில் பூசினாலோ குமிழிகளே மிஞ்சும். பனிமூட்டத்தில் இறுகிய பூச்சின்மேல் மெழுகுபோன்ற படலம் படிவதுண்டு. அடுத்த பூச்சுக்கும் உப்புத்தாளுக்கும் முன் அதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

உள் மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்சியை வடை மாவுப் பதத்தில் முதலில் கம்பிகளுக்கு இடையே மட்டும் வைத்து, அது இறுகியபின் கம்பிகளைப் பிடுங்கி, முழு நீளமும் நிரப்பிக் கண்ணாடி இழைப் பட்டை ஒட்ட வேண்டும். வெளிப்புறம் முழுவதும் கண்ணாடி இழைத்துணி போர்த்தி, வெயில் எபாக்சியைக் கெடுக்காதிருக்கப் புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷ் பூசுங்கள். உப்புத்தாளால் தேய்க்கும்போது இருவருக்கும் முகமூடி அவசியம்.

முன்னும் பின்னும் தடுப்புப் பலகை வைத்துக் காற்றறைகள் அமையுங்கள். உரிய அனுமதி பெற்று, உயிர்காப்பு உடையோடு ஆழமற்ற நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, இருவரும் வெளியேறப் பழகுங்கள்; மலை நீரின் குளிர் கைகளை விரைவில் மரத்துப்போகச் செய்யும் என்பதால், இந்தப் பயிற்சி முடியும்வரை கரையைவிட்டு விலகிப் போகவேண்டாம்.