கிளைக்கு உறை போடும்போது கயிற்றை மறந்துவிடாதீர்கள்

மரமேறப் புதிதாக வருபவர்கள் சீக்கிரமே பட்டையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள். அது நல்ல விஷயம். கயிறு ஓடி ஓடிக் கிளையில் விழுந்த பள்ளத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை தானாக வரும். உடனே வீட்டில் கிடக்கும் பைப்பையோ ஹோஸையோ வெட்டி, கயிற்றுக்கும் கிளைக்கும் நடுவே வைக்க ஓர் உறை செய்து எடுத்து வருகிறார்கள். அங்கேதான் அதே தவறுகள் ஆள் மாற்றி ஆள் நடக்கின்றன. முடிச்சைச் சரிபார்ப்பது, ஹெல்மெட் போடுவது போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன். இது உறையைப் பற்றி மட்டும்.

"என் கயிறு ஓடாது, உறை வேண்டாம்"

கிளைக்கு மேல் இரட்டையாகப் போட்டு ஏறும் முறையில், நீங்கள் 10 மீட்டர் ஏறினால் 10 மீட்டர் கயிறு கிளையை உரசிக்கொண்டு போகிறது. இறங்கும்போது மறுபடியும் 10 மீட்டர். நிலையாகக் கட்டிய ஒற்றைக் கயிற்றில் அப்படி ஓட்டம் இல்லைதான். ஆனால் ஒவ்வோர் எட்டு எடுத்து வைக்கும்போதும் கயிறு நீண்டு சுருங்கும், அதே இடத்தை ரம்பம்போல அறுக்கும். கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டியிருந்தால், கிளை தாங்கும் சுமை உங்கள் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பட்டைக்கு அடியில் மெல்லியதாக இருக்கும் கேம்பியம்தான் புதிய மரத்தையும் புதிய பட்டையையும் உண்டாக்குகிறது. மரம் துளிர்த்து வளரும் பருவத்தில் பட்டை எளிதாக உரிந்து வந்துவிடும். அந்த நாட்களில் இன்னும் கவனம் வேண்டும்.

நேரான பிவிசி பைப்

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கயிற்றைவிடச் சற்றே பெரிய துளையுள்ள பிவிசி பைப்பில் ஒரு துண்டு வெட்டி, கயிற்றை உள்ளே விட்டு, கிளைமேல் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். கீழிருந்து பார்த்தால் கச்சிதமாகத் தெரியும். பட்டையில் கயிறு படவே இல்லை.

கயிறு எங்கே வளைகிறது என்று பாருங்கள். கிளை உருண்டை, பைப்போ நேராக நிற்கிறது. கீழிருந்து வரும் கயிறு பைப்பின் ஒரு வாயில் கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பி உள்ளே நுழைகிறது. மறு வாயில் இன்னொரு 90 டிகிரி திரும்பிக் கீழே இறங்குகிறது. ஏறுபவரின் எடை முழுக்க அந்த இரண்டு விளிம்புகளில்தான் விழுகிறது. விளிம்பின் தடிமன் 2 அல்லது 3 மில்லிமீட்டர். மரமேறும் கயிறுகள் பெரும்பாலும் 11 முதல் 13 மில்லிமீட்டர். கயிறு வளையும் இடத்தின் விட்டம், கயிற்றின் விட்டத்தைப்போல் குறைந்தது 4 மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 12 மில்லிமீட்டர் கயிறு என்றால் 48 மில்லிமீட்டர். உங்களைத் தாங்கும் எந்தக் கிளையும் அதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். அதாவது, கிளை கொடுத்த நல்ல வளைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கூரான விளிம்பைக் கொண்டுவந்து வைக்கிறோம்.

ஓர் இளைஞர் புதுக் கயிற்றைக் கொண்டுவந்து காட்டினார். "கயிறே சரியில்லை அண்ணா, பஞ்சு பஞ்சா வருது" என்றார். பைப்பை எடுத்து வரச் சொன்னேன். உள்ளே நடுப்பகுதி புதிதுபோலவே இருந்தது. இரண்டு வாயிலும் கயிறு அறுத்த பள்ளம். ஒரு வாயில் ஹேக்ஸா பிசிறு அப்படியே நின்றது, அதில் கயிற்றின் மேலுறை இழைகள் சிக்கியிருந்தன. மேலே நின்று வழக்கமாக வேலை செய்யும் உயரத்துக்குரிய பகுதியில் மேலுறை தேய்ந்து உள்கயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அந்தக் கயிற்றில் இனி யாரும் ஏறக் கூடாது என்று அவரிடம் சொல்வது சுலபமாக இல்லை. சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியது.

"வாயை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிட்டேன்" என்பார்கள். பிசிறு போகும், வளைவின் கூர்மை போகாது. சூடுகாட்டி வளைத்தால் உள்வளைவில் பைப் மடிந்து நெளியும், வளைத்ததும் ஒரே ஒரு கிளைக்குத்தான் பொருந்தும். அப்புறம் கயிறு உரசும் சூடு வேறு இருக்கிறது. பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். கயிற்றின் பாலியெஸ்டர் இழை உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். வேகமாக இறங்கினால் கயிறு தாங்கிவிடும், இளகிய பிளாஸ்டிக் அதன்மேல் அப்பிக்கொள்ளும்.

கிளையோடு சேர்ந்து வளையும் பொருளை எடுங்கள். தடித்த தோல் நல்லது. பழைய தீயணைப்பு ஹோஸும் சரி. கிளைச் சுற்றளவில் பாதி, அதோடு இருபுறமும் ஒரு சாண் தொங்கல் என்று நீளம் வையுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளைக்குப் பாதிச் சுற்று சுமார் 31 சென்டிமீட்டர், ஆக மொத்தம் 70-க்கு மேல் வந்துவிடும். கயிறு தாராளமாக ஓடுகிற அகலம் வேண்டும். தையலும் ரிவெட்டும் கயிறு அழுத்தும் பக்கத்தில் வரவே கூடாது.

உறை நகர்ந்துபோவது

செய்த உறை நன்றாக இருக்கும், ஆனால் அது கிளையில் இருக்காது. ஒரு பக்கமாக வழுக்கி வந்து தொங்கும், கயிறு மறுபக்கம் வெறும் பட்டையில் ஓடும். உறையின் ஒரு முனையில் மெல்லிய கயிறு கட்டித் தரைவரை விடுங்கள், கீழிருந்தே இழுத்துச் சரிசெய்யலாம். ஏறுவதற்கு முன் முழு எடையையும் போட்டுப் பார்த்துவிட்டு, உறையை இன்னொரு முறை அண்ணாந்து பாருங்கள்.

தோட்டத்து ரப்பர் ஹோஸ்

கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், கிளைமேல் நசுங்கும். வேண்டாம்.

வளையம் வைத்த நாடாவை வீட்டில் தைப்பது

உறைக்குப் பதிலாக, முனைகளில் வளையம் கோத்த நாடாவைக் கிளைமேல் போட்டு, வளையங்களுக்குள் கயிற்றை விட்டு ஏறுபவர்களும் உண்டு. உறை கிழிந்தால் கயிறு பட்டைமேல் விழும், அவ்வளவுதான். வளையங்கள் கோத்த நாடா கிழிந்தால் நீங்கள் விழுவீர்கள். அதைச் சுமைக்குச் சோதித்துச் சான்றளித்ததாக வாங்குங்கள்.

தோல் உறைக்குத் தாராளமாக எண்ணெய்

கயிறு அதை உறிஞ்சும். எண்ணெய்ப் பசையில் மண்துகள் ஒட்டி இழைகளை உள்ளிருந்து அறுக்கும்.

கழற்றும்போது அவசரம்

கயிற்றை உருவுவதற்கு முன் முனையிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் உறைக்குள் மாட்டி எல்லாம் மேலேயே நின்றுவிடும். உறை சட்டென்று விழும், கீழே ஆள் நிற்கக் கூடாது. விழுந்ததும் பைக்குள் திணிக்காதீர்கள். இரண்டு வாயிலும் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்த உறையை அடுத்த ஏற்றத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.