முதல் பாசி பிரேஸ்லெட்: அறுந்து கொட்டாமல் கோர்ப்பது எப்படி

பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஆனால் தூரிகை பிடிப்பதற்கு முன்னாடியே பாசி கோர்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. சின்ன வயதில் சென்னிமலைத் தேரில் வாங்கிய பாசிமாலை அறுந்துபோக, திட்டு விழுமே என்று அம்மாவின் தையல் நூலை எடுத்து ஒளிந்து உட்கார்ந்து கோர்த்தேன். இரண்டே நாளில் அதுவும் அறுந்தது. மணித் துளையின் ஓரம் கத்தி மாதிரி நூலைத் தேய்க்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அதனால் இந்தச் செய்முறையில் நூலே கிடையாது.

வாங்க வேண்டியவை: 6 மி.மீ. மணிகள், கியர் ஒயர் (மெல்லிய கம்பிப் புரிகள் மேல் நைலான் பூசியது), இரண்டு கியர் லாக் (நசுக்கினால் ஒயரைக் கவ்விப் பிடிக்கும் குட்டி உலோகக் குழல்), ஒரு கொக்கி, அதை மாட்ட ஒரு வளையம், தட்டை மூக்குக் குறடு. ஃபேன்ஸி ஸ்டோரிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முதலில் அளவு. மணிக்கட்டை நூலால் சுற்றி ஸ்கேலில் வையுங்கள். 6 அங்குலம் என்றால் அரை அங்குலம் கூட்டி 6½. அதில் கொக்கியும் வளையமும் முக்கால் அங்குலம் எடுத்துக்கொள்ளும், மீதிக்கு 24 மணிகள் போதும். பெரிய மணி என்றால் உள்சுற்று குறைந்து கையைப் பிடிக்கும், அரை அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குலம் கூட்டுங்கள். ஒயரை 11 அங்குலத்துக்கு வெட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது வரிசை. எனக்குப் பிடித்த இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். பழைய அட்டைப்பெட்டியின் மேல் தாளை உரித்தால் உள்ளே வரிவரியாகப் பள்ளம் இருக்கும், மணிகளை அதில் அடுக்கினால் உருளாது. புதிதாகச் செய்கிறவர்கள் பளிச்சென்ற நிறங்களாகவே அள்ளிப் போடுவார்கள், கடைசியில் எதுவுமே எடுப்பாகத் தெரியாது. வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மூன்று மங்கல் நிறத்துக்கு ஒரு பளிச். அப்புறம் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சில மணிகளை எடுத்துவிட்டு, இன்னும் வெளிறியதோ அடர்ந்ததோ வைக்க வேண்டும்.

சரி, கோர்க்கலாம். ஒயரின் ஒரு முனையில் கியர் லாக், பிறகு கொக்கி. அதே முனையை மடக்கி லாக்குக்குள்ளேயே திரும்ப விட்டு, சின்னக் கண்ணி மட்டும் விட்டு, குறடால் லாக்கைத் தட்டையாக நசுக்குங்கள். மிஞ்சிய வாலை வெட்டாமல் முதல் மூன்று மணிகளுக்குள் ஒயரோடு சேர்த்து ஒளித்துவிடுங்கள், கையில் குத்தாது.

கல் மணி என்றால் ஒயர் சில சமயம் பாதியில் முட்டி நிற்கும். திணிக்காதீர்கள், மணியைத் திருப்பி மறுபக்கம் விடுங்கள். கல்லை இரண்டு பக்கமிருந்தும் துளைப்பதால் நடுவில் துளைகள் சற்று விலகியிருக்கும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணல் அகழாய்வில் செய்து முடிக்காத கல் மணிகளே கிடைத்திருக்கின்றன. பாதியில் நின்றுபோன மணியைப் பார்த்தால் எனக்கு அந்தக் காலத்து ஆள் கருவியைத் தூக்கிப் போட்டு எழுந்து போனது மாதிரியே தோன்றும்.

கடைசி முனையில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். லாக், வளையம், திரும்ப லாக் என்று அதே முறைதான், ஆனால் ஒயரை முறுக்காக இழுத்துவிட்டு நசுக்கினால் பிரேஸ்லெட் கம்பி மாதிரி விறைத்து நிற்கும், ஒயரும் மணி ஓரத்தில் தேயும். நசுக்குவதற்கு முன் வட்டமாக வளைத்துப் பிடித்து, ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள்.

முடித்ததும் இரண்டு முனையையும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். அறுந்தால் வீட்டிலேயே அறுந்து தொலையட்டும். நான் இழுத்துப் பார்க்காமல் போட்டுப் போனது காலை வழிபாட்டில், சரியாக நாட்டுப்பண் நடுவில் கொட்டியது. யாரும் அசையக் கூடாதே! அத்தனை பிள்ளைகளும் விறைப்பாக நின்றபடி, உருண்டு போகிற பாசியைக் கண்ணால் மட்டும் துரத்திக்கொண்டிருந்தார்கள்.